நின்ற மரமா, வெட்டிய முள்ளா?

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதன்பிறகு எழுதியதெல்லாம் தீப்பெட்டி அகலச் சீட்டில்தான். ஊர், மரம், தேதி, ஆள் பெயர் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கி அடக்கி என் எழுத்து எறும்பு போல ஆகிவிட்டது. பெரிய தாளைக் கொடுத்தாலும் அது பெரிதாக மாட்டேன் என்கிறது. ர, ற இரண்டும் எனக்கு எப்போதும் இடம் மாறும். நான் வேலை பார்த்த பூச்சி ஆராய்ச்சி நிலையத்து எழுத்தர் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கண்ணுக்கும் தப்பி நிற்கிற பிழைகளை மன்னிக்கவும்.

போன மாதம் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த கள உதவியாளர்கள் இரண்டு பேர் என்னைத் தேடி ஜெயங்கொண்டத்துக்கு வந்தார்கள். வயலில் பூச்சி பிடித்ததும் எழுதிப் போடுகிற சீட்டைப் புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம். அதில் ஒரு வரியை எடுத்துவிடலாம் என்று ஆபீசில் பேச்சாம்.

"அண்ணே, 'நின்ற மரமா, வெட்டிய முள்ளா'ன்னு ஒரு வரி இருக்குல்ல, அது எதுக்குண்ணே? கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. கோடு போட்டுத் தாண்டிப் போயிடுறோம்" என்றார் ஒருவர்.

எனக்குச் சுருக்கென்றது. வாயால் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பேச வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். "எழுதிக் குடுங்கண்ணே, ஆபீசர்கிட்ட காட்டுறோம்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

அரியலூரில் எங்கள் நிலையத்தை ஊரில் 'பூச்சி ஆபீஸ்' என்பார்கள். நான் முதலில் அங்கே தண்ணீர் சுமக்கவும் பெட்டி தூக்கவும் சேர்ந்தவன். பிறகு வீச்சு வலை பிடிக்கக் கற்றேன். பூச்சியைக் கொல்லும் குப்பியில் போட்டு, ஊசி குத்தி, இறகைச் சரிசெய்து, அந்துருண்டை வைத்த பெட்டியில் அடுக்கக் கற்றேன். என் அப்பா பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர். நான் சம்பளத்துக்குப் பூச்சி பிடிக்கிறேன் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "பூச்சிய அடிக்கத்தான் கூலி குடுப்பாங்க, வளக்கவுமா குடுப்பாங்க?" என்று கேட்டார். இதெல்லாம் ஆரம்பக் காலம். சொல்ல வந்தது ரெஜினா அம்மா வந்தபிறகு நடந்தது.

ரெஜினா அம்மா திருச்சிக்காரர். பூச்சிகளை வகைப்படுத்துகிற பிரிவுக்கு அதிகாரியாக எழுபதுகளின் நடுவில் வந்தார். ஒல்லியான உடம்பு, வாயல் புடவை, கான்வாஸ் செருப்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன லென்ஸ் எப்போதும் தொங்கும். என்னையும், கூட்டுகிற அம்மாவையும், கலெக்டர் ஆபீசிலிருந்து வருகிறவரையும் ஒரே மாதிரி 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அவர் எதிரில் பொய் சொல்ல முடியாது. 'அங்கே அந்தப் பூச்சி இருக்கும்மா' என்று யாராவது சொன்னால் உடனே கேட்பார்:

"பாத்தீங்களா, பாத்ததா நெனச்சீங்களா? எந்தக் கண்ணால?"

பார்த்த இடத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாததை எழுதவே கூடாது. முதலில் எனக்கு இது பயமாக இருந்தது. போகப் போகப் பிடித்துவிட்டது. கூச்சக்காரனுக்கு விரல் நீட்டுவது வாய் திறப்பதைவிடச் சுலபம்.

அம்மாவுக்கு நுரைப்பூச்சிகள்மேல் தனிக் கவனம். மழைக்காலத்தில் புல்லிலும் கிளையிலும் எச்சில் துப்பியதுபோல நுரை ஒட்டியிருக்குமே, அதற்குள் இருப்பது இந்தப் பூச்சியின் குஞ்சு. வளர்ந்தால் தவளைபோலக் குதிக்கும். அதில் ஒரு வகை மட்டும் வேறு மாதிரி. அதன் குஞ்சு நுரையில் கிடக்காது. இலந்தைக் கிளையில் ஒரு குழல் கட்டி, அதில் நீரை நிரப்பி, தலையைக் கிளைப்பக்கம் வைத்துச் சாறு உறிஞ்சிக்கொண்டு தலைகீழாகக் குடியிருக்கும். குழல் சுண்டுவிரல் நகத்தின் நீளம்தான். சின்ன நத்தைக்கூடு போலக் கெட்டியாக இருக்கும். வளர்ந்து வெளியே வரும் பூச்சிக்கு முதுகிலிருந்து பின்பக்கமாக வளைந்த ஒரு கொம்பு உண்டு. இதன் பேரினத்துக்கு மக்கேரோட்டா என்று பெயர். கத்தி என்று பொருள்படும் பழைய வெளிநாட்டுச் சொல்லிலிருந்து அந்தக் கொம்புக்காக வைத்தது என்று அம்மா சொன்னார். ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. எனக்கு அந்தப் பெயரைச் சொல்லவே ஒரு வாரம் ஆனது.

"பேரினம்ங்கிறது ஒரு வம்சம் மாதிரி. அதுக்குள்ள இனம்ங்கிறது ஒவ்வொரு வீடு. பூச்சியோட முகத்தைப் பாத்து வம்சம் சொல்லிடலாம். எந்த வீடுன்னு சொல்றதுக்கு ஆண் பூச்சி வேணும். அடிவயித்து நுனியைப் பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். குழல் மட்டும் கிடைச்சா அது காலி வீடு. ஆள் யாருன்னு சுவர் சொல்லாது" என்பார்.

அரியலூர்ப் பக்கம் இலந்தைகளில் இந்தக் குழல் நிறைய உண்டு. முதல் முறை கிடைத்தபோது அம்மா ஒரு குழலின்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். சுர்ரென்று பொங்கியது. பக்கத்தில் கிடந்த சுண்ணாம்புக் கல்லிலும் ஒரு சொட்டு விட்டார். அதுவும் அப்படியே பொங்கியது. "ரெண்டும் ஒரே சரக்கு. நம்ம ஊர்ல கல்லும் சுண்ணாம்பு, பூச்சி வீடும் சுண்ணாம்பு" என்று சிரித்தார்.

கிழக்கே எங்கெங்கே இருக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்துப் படத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தோம். மேற்கே, பெரம்பலூர்ப் பக்கம் பாறைகள் தொடங்குகிற இடங்களில், இது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கல்கத்தாவில் ஒரு பெரியவர் இந்தப் பேரினம் முழுவதையும் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். மேற்கே கிடையாது என்று அவர் நினைத்தார். அவரிடம் இருந்த பழைய பெட்டிகளில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பூச்சிகூட இல்லை.

ஒரு சித்திரை மாதம் வேறு வேலையாகக் குரும்பலூர் போயிருந்தோம். அம்மா, நான், ஆய்வுக்கூட உதவியாளர் கோபால் சார், மூன்று பேரும் பஸ்ஸுக்கு நின்றோம். எதிரே ஒரு வெங்காயக் கொல்லை. அதன் முள்வேலியை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். வேலியில் செருகியிருந்த இலந்தை முள்ளில் குழல்கள்! எல்லாம் காய்ந்தவை, காலியானவை. ஆனாலும் குழல் குழல்தான். கொல்லையில் ஆள் இல்லை. சித்திரை வெயிலில் உயிருள்ள குழல் எங்கேயும் இருக்காது. ஊரில் வேலிக்கு முள் வெட்டுகிறவர்கள் பக்கத்து மரத்தில்தான் வெட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா படத்தில் குரும்பலூர் என்று ஒரு புள்ளி வைத்தார். கல்கத்தாவுக்கும் எழுதினார். கல்கத்தாக்காரர் புள்ளியைச் சேர்த்துக்கொள்வதாகவும், மழை வந்ததும் ஓர் ஆண் பூச்சி அனுப்பும்படியும் பதில் எழுதினார்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் மூன்று பேரும் திரும்பப் போனோம். எந்த மரத்தில் வெட்டிய முள் என்று கேட்டு அந்த மரத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் வேலியருகே குனிந்ததுமே கொல்லைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருங்க அது, வேலியப் பிரிக்கிறது? ஆடு பூந்தா நீங்களா வந்து ஓட்டுவீங்க?"

களை வெட்டிக்கொண்டிருந்த பெண்மணி களைக்கொத்தோடு எழுந்து வந்தார். கொல்லைக்காரம்மா. பெயர் அஞ்சலை.

"பிரிக்கலைங்க, பாக்குறோம்" என்றார் அம்மா.

"முள்ளுல பாக்க என்னா இருக்கு? ஆமா, கழுத்துல என்னா அது கறுப்புக் கவுறு? ஒங்க பக்கத்துல தாலி இப்புடித்தான் கட்டுவாங்களா?"

"ஆமாங்க. நான் இவரைத்தான் கட்டிக்கிட்டேன்" என்று அம்மா லென்ஸைத் தூக்கிக் காட்டினார். அஞ்சலையம்மா கொத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மா ஒரு குழலை ஒடித்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதா? நத்தக்கூடு."

"நத்தை இல்லீங்க. பூச்சி கட்டுனது. இந்த முள்ளு வெட்டுன மரத்தைக் காட்டுனீங்கன்னா போதும், போயிடுவோம்."

"அந்த மரத்தக் காட்டணும்னா நீங்க வந்த பஸ்ஸுலேயே திரும்பி ஏறணும்."

எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "கெட போட்டாங்கல்ல, பங்குனியில? ஜெயங்கொண்டத்துப் பக்கத்து ஆளு. வருசா வருசம் ஆட்ட ஓட்டிக்கிட்டு வருவாரு. படலயும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்துருவாரு. போறப்ப நஞ்சுபோனத இங்கனயே போட்டுட்டுப் போனாரு. வீணாக் கெடக்கேன்னு நான்தான் வேலியில சொருவுனேன்."

அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை இரவில் அடைத்து எருவுக்கு விடுவதைக் கிடை போடுவது என்பார்கள். ஆடு வெளியே போகாமலும் நரி உள்ளே வராமலும் சுற்றிலும் முள் கட்டிய படல்களை நிறுத்துவார்கள். கிடைக்காரர் ஒவ்வொரு ஊரிலும் முள் வெட்டிக்கொண்டிருக்க மாட்டார். தன் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த படலையே வயலுக்கு வயல், ஊருக்கு ஊர் கொண்டுபோவார். அப்படித்தான் எங்கள் ஊர்க் குழல்கள் வண்டியேறிக் குரும்பலூர் வந்திருந்தன. நாங்கள் அதைக் குரும்பலூர்ப் பூச்சி என்று எழுதியிருந்தோம்.

அம்மா அப்போதும் விடவில்லை. "படல் அங்கேர்ந்துதான் வந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்காம? வண்டியிலேருந்து எறக்குறப்ப கஞ்சி ஊத்துனதே நான்தாங்க. முள்ளு ஒண்ணு கால்ல ஏறி நாலு நாள் நொண்டுனேன். காட்டவா?"

"வேணாங்க. நம்புறேன்" என்றார் அம்மா. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

பெரம்பலூர் வந்து அரியலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது கோபால் சார் மெதுவாக ஆரம்பித்தார். "அம்மா, அந்தப் படல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அந்த அம்மாவுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். கல்கத்தாக்காரரா வந்து கேக்கப் போறாரு? புள்ளி இருந்துட்டுப் போவட்டுமே. தேடுனா நெசமாவே கெடச்சாலும் கெடைக்கும்."

அம்மா பையிலிருந்து இன்லேண்டு லெட்டர் ஒன்றை எடுத்து, என் பூச்சிப் பெட்டியைப் பலகையாக வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே பேசினார்.

"புள்ளி வச்ச எடத்துக்கு நாளைக்கு ஒருத்தர் தேடிக்கிட்டு வருவாரு, கோபால். மழையில நனைஞ்சு, முள்ளு குத்தி, ஒண்ணும் கிடைக்காம திரும்பிப் போவாரு. 'நமக்குத்தான் தேடத் தெரியல'ன்னு நெனப்பாரு. அவரு யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவரை ஏமாத்துனது நானா இருப்பேன்."

பெரம்பலூர்த் தபால் ஆபீசிலேயே அதைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். அரியலூர் போகும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

அடுத்த வாரம் புதுச் சீட்டு வந்தது. ஸ்டென்சிலில் வெட்டி உருட்டியது. ஊர், மரம் என்ற வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: நின்ற மரமா, வெட்டிய முள்ளா. 'வேலி, படல், விறகுக்கட்டு, எதில் கண்டாலும் வெட்டியது என்று எழுதவும்' என்று அம்மா எனக்கு வாயாலும் சொன்னார்.

கல்கத்தாவிலிருந்து பதில் வந்தது. புள்ளியை எடுத்துவிட்டதாகவும், அடுத்த மழைக்காலம் முடிந்ததும் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்றும், அதற்குள் மேற்கே நின்ற மரத்திலிருந்து ஓர் ஆண் கிடைத்தால் சேர்ப்பதாகவும் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. மரியாதை குறைந்தது எங்கள் பக்கத்தில்தான். மீட்டிங்குக்குப் போகிற இடத்தில் மற்ற அதிகாரிகள் அம்மாவை 'வேலிப்பூச்சி அம்மா' என்று பின்னால் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு முறை பெட்டி தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற என் காதிலேயே விழுந்தது. அம்மா காதிலும் விழுந்திருக்கும். அவர் நடையை மாற்றவில்லை. எனக்குத்தான் உடம்பு எரிந்தது. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. என்னிடம் இருந்தது கண்ணும் காலும்தான். ஓர் ஆண் பூச்சியைப் பிடித்து அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆவணியிலிருந்து மேற்கே இலந்தை இருக்கிற இடமெல்லாம் போனோம். ஓடைக்கரை, புறம்போக்கு, கோயில் காடு. அம்மா வராத நாட்களில் நான் தனியாகப் போனேன். கிளையைத் தாழ்த்தி அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. முள் கிழித்துக் கிழித்து என் வலது கை எப்போதும் மஞ்சள் பூசியே இருந்தது. ஒரு குழல்கூட இல்லை. ஐப்பசியும் போனது. அம்மா படத்தைச் சுருட்டிப் பீரோமேல் வைத்துவிட்டார்.

கார்த்திகையில் அம்மா ஒரு பயிற்சிக்காகத் திருச்சி போயிருந்தார். என்னைக் கரும்பில் துளைப்பான் புழு எடுத்து வர மேற்கே பெரம்பலூர்ப் பக்கத்து எறையூருக்கு அனுப்பினார்கள். சர்க்கரை ஆலையில் அரைப்பு தொடங்கியிருந்தது. கரும்பு வண்டிகள் ரோட்டோரம் வரிசை கட்டி நின்றன. ஒரு வண்டி உள்ளே போக ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். மாட்டை அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு வண்டிக்காரர்கள் அங்கேயே பொங்கித் தின்று படுத்துக் கிடப்பார்கள்.

நான் டீக்கடையில் நின்றேன். வேலாயுதம் என்று ஒரு பெரியவர், வண்டிக்காரர், துண்டைப் பிழிந்துகொண்டே வந்தார்.

"வானம் பளிச்சுன்னு இருக்கு. அந்த மரத்தடியில மட்டும் தூறுதுடா. எவனோ மேல ஒக்காந்து மூத்திரம் பேயிறாப்ல இருக்கு."

"நீ படுத்த எடம் அப்புடி, மாமா. ஒன்னயக் கண்டா மரத்துக்கே அடக்க முடியல" என்றான் இன்னொருவன். கடையே சிரித்தது.

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். குழலுக்குள் இருக்கிற குஞ்சு உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய நீர் குழல்வாயில் சொட்டிக்கொண்டே இருக்கும். நிறையக் குழல் இருந்தால் மரத்தடியில் தூறல் மாதிரியே விழும். ஆனால் அந்த மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே போய் அண்ணாந்து பார்க்கக் கூச்சம். ஒரு முறை நடந்து தாண்டிப் போனேன். திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போனேன்.

"என்னாப்பா, எதையாச்சும் தொலச்சிட்டியா?" என்றார் வேலாயுதம்.

அதற்குமேல் தாண்டிப் போக வழியில்லை. உள்ளே நுழைந்து ஒரு கிளையை இழுத்தேன். இலந்தை. வேரோடு நிற்கிற மரம். கிளை முழுக்கக் குழல். ஒவ்வொரு குழல்வாயிலும் ஒரு துளி நீர் தொங்கியது. நான் விரலை வைத்தேன். விரல் நனைந்தது.

அம்மா கற்றுக்கொடுத்த முறைப்படி மெல்லிய மல்லுத்துணிப் பையை எடுத்தேன். இரண்டு பக்கமும் வாய் உள்ள பை அது. கிளையை உள்ளே விட்டு இரண்டு முனையையும் நாடாவால் கட்டிவிட்டால் உள்ளே வெளிவருகிற பூச்சி தப்பாது. கட்டும் முன் எறும்பைத் தட்ட வேண்டும். துணி குழலில் உரசக் கூடாது. முடிச்சு இறுகினால் கிளையின் சாறு நின்றுபோகும். என்னிடம் இரண்டு பைதான் இருந்தது. முதலாவதைக் கட்டினேன்.

"மரத்துக்குக் கோமணம் கட்டுறாருடா!" என்று ஒருவன் கத்தினான். நான் இரண்டாவதையும் கட்டி முடிப்பதற்குள் எல்லோரும் எழுந்து வந்தார்கள்.

"எந்த ஊருப்பா நீ? யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டார் வேலாயுதம். அந்தக் கேள்வி எதை எடைபோடக் கேட்கிற கேள்வி என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும்.

"ஜெயங்கொண்டத்துப் பக்கம். பூச்சி ஆபீஸ்ல இருக்கேன்" என்றேன். பிறகு எப்படியோ வாய் திறந்துகொண்டது. இந்தப் பூச்சி இந்தப் பக்கம் கிடையாது என்று சொல்கிறார்கள், எங்கள் அம்மா இருக்கிறது என்கிறார், ஓர் ஆண் வெளியே வந்தால் போதும், அதுவரை இந்த இரண்டு கிளையையும் யாரும் வெட்ட வேண்டாம், மாட்டை இதன் கீழே கட்ட வேண்டாம் என்று சொல்லி முடித்தேன். என் வாழ்நாளில் அந்நியர் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

"ஆம்பளப் பூச்சிதான் வேணுமா? பொம்பள வந்தா ஒத்துக்க மாட்டாங்களா?" என்றான் ஒருவன்.

"பொம்பளப் பூச்சிய வச்சு எந்த வூடுன்னு சொல்ல முடியாதுங்க."

"எங்க வூட்லயும் அதாம்ப்பா கத" என்றார் வேலாயுதம். "சரி, நாங்க போனா அடுத்த வண்டிக்காரன் வருவானே, அவனுக்கு யாரு சொல்றது?" கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். "நான் சொல்லிட்டுப் போறேன். அவன் அவனுக்கு அடுத்தவன்கிட்ட சொல்லட்டும்."

தினமும் முதல் பஸ்ஸில் எறையூர் போனேன். முதலில் வந்த இரண்டும் பெண். அம்மா திருச்சியிலிருந்து திரும்பியதும் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொன்னார். "பொண்ணு. இதுவும் பொண்ணு. பரவாயில்ல, பிச்சமுத்து, வம்சம் அதுதான்" என்றார். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் ஒரு பையைக் காணோம். யாருடைய மாடோ துணியோடு கிளையையும் மென்றுவிட்டது. மரத்தில் மற்றக் குழல்களெல்லாம் அதற்குள் காலியாகிவிட்டன. மீதியிருந்த பையில் இன்னும் ஆள் இருக்கிற குழல் ஒன்றே ஒன்று.

மறுநாள் காலை அந்தக் குழல்வாயில் நுரை கட்டியிருந்தது. குஞ்சு கடைசித் தோலை உரிக்கும் நேரம் வந்தால், பின்பக்கமாக வெளியே வந்து நுரையைக் கட்டிக்கொண்டு அதற்குள்தான் உரிக்கும். நான் அசையாமல் நின்றேன். வண்டிக்காரர்களும் பீடியை அணைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். நுரை மெல்ல அமுங்கியது. அதிலிருந்து வெளிர் நிறத்தில் பூச்சி ஏறி வந்தது. முதுகில் அந்தக் கொம்பு, ஈர நூல் மாதிரி.

"வந்துருச்சுல்ல, புடிச்சிக்கிட்டு ஓடு" என்றார்கள்.

நான் பிடிக்கவில்லை. புதிதாக வந்த பூச்சியைக் கொன்றால் உடம்பு சுருங்கிக் கொம்பு வளைந்துபோகும். ஒரு நாளாவது உயிரோடு விட்டு, நிறம் ஏறி உடம்பு கெட்டிப்பட்ட பிறகுதான் குப்பியில் போட வேண்டும். இது அம்மாவின் சட்டம். பையை மறுபடி கட்டிவிட்டு, எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

மறுநாள் அம்மாவும் என்னோடு வந்தார். வேலாயுதத்தின் வண்டி என்றைக்கோ உள்ளே போய்விட்டது. மரத்தடியில் நேற்று நின்றவர்கள் ஒருவர்கூட இல்லை. முன்பின் தெரியாத ஓர் ஆள் கிளைக்குக் கீழே கம்போடு உட்கார்ந்திருந்தார்.

"நீதான் பூச்சி ஆபீஸா?" என்றார். "முன்னால நின்னவன் சொல்லிட்டுப் போனான். அவனுக்கு அவன் முன்னால நின்னவன் சொன்னானாம். கோமணத்த எவனாச்சும் அவுத்தா வரிசையில கடைசிக்குப் போவணும்னு சட்டமாம்ல! நான் தொடலப்பா. நீயே அவுத்துக்க."

பைக்குள் பூச்சி பழுப்பு நிறம் ஏறி, கொம்பு விறைத்து, கிளையில் உட்கார்ந்திருந்தது. அம்மா லென்ஸை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆண்" என்றார். புடவைத் தலைப்பால் லென்ஸைத் துடைத்தார். லென்ஸில் ஒன்றும் இல்லை.

அரியலூர் வந்து அம்மா அதன் அடிவயிற்று நுனியைப் பிரித்து, மருந்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்தார். பக்கத்தில் அரியலூர் ஆண் பூச்சியின் தகடு. இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எழுந்து, "உக்காருங்க, பிச்சமுத்து. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று நாற்காலியை விட்டார். அதுவரை அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. பார்த்தேன். இரண்டும் ஒரே அரிவாள் வளைவு.

"ஒரே வூடும்மா" என்றேன்.

"எந்தக் கண்ணால பாத்தீங்க?"

"ரெண்டு கண்ணாலயும்மா."

புத்தகம் வர நாளானது. இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. அம்மா பக்கத்தைப் பிரித்து எறையூருக்கு நேரே உள்ள கறுப்புப் புள்ளியைக் காட்டினார். அதற்குரிய வரியில் என் பெயரைத் தொட்டுக் காட்டினார். பூச்சி பிடித்தவர் என்ற இடத்தில் அது இருந்தது. அந்தப் பத்துப் பதினொரு எழுத்தின் வடிவம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம், எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். பிறகு அம்மா விரலைக் கொஞ்சம் நகர்த்தினார். குரும்பலூர் இருக்க வேண்டிய இடம். வெள்ளையாக இருந்தது.

"இந்தக் காலி இடத்தையும் நாமதான் போட்டோம், பிச்சமுத்து. இது எனக்கு அந்தப் புள்ளியைவிடப் பெருமை" என்றார்.

எனக்கு இரண்டுமே பெருமை. அதற்குப்பிறகு யாரும் 'வேலிப்பூச்சி' என்று சொல்லி நான் கேட்கவில்லை. அம்மா மாற்றலாகிப் போனபிறகும், நான் ஓய்வு பெறும்வரைக்கும், ஒரு சீட்டில்கூட அந்த வரியை வெறுமனே விட்டதில்லை. நிலையத்துப் பெட்டிகளில் நான் பிடித்த பூச்சி எதை எடுத்துப் பார்த்தாலும் அது வாழ்ந்த மரம் எங்கே நின்றது என்று சொல்லலாம்.

ஆகையால் ஆபீசர் ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், சீட்டு சிறிதாக வேண்டும் என்றால் என் போன்ற ஆட்களின் பெயருக்கு விட்ட இடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி இருக்கட்டும். கிடைக்காரர்கள் இன்னும் படலோடு வருகிறார்கள்.

அம்மா சொல்லிக்கொடுத்த ஒழுங்கிலேயே முடிக்கிறேன்.

ஊர்: ஜெயங்கொண்டம்.
கண்டது: என் இரண்டு கண்ணால்.
எழுதியவர்: செ. பிச்சமுத்து.
நாள்: 5.11.1988.